கவசம் பூண்ட கார்

பண்டைக் காலத்து மன்னர்கள் போர்க்களம் செல்லும்போது மார்பில் கவசம் அணிந்தனர். தலைநகரைச் சுற்றி மதிலும் அகழியும் அமைத்தனர். இக்காலத்திலோ தலைவர்கள் ஏறிச் செல்லும் காரே கவசம் பூண்டு நிற்கின்றது. அத்தகைய கார் வளர்ந்த வரலாற்றை, அமெரிக்க அதிபர்களின் கார்களைக் கொண்டு இப்பாடத்தில் அறிவோம்.

போர் தந்த கவசம்

1939ஆம் ஆண்டில் அதிபர் பிராங்கிளின் ரூஸ்வெல்ட்டுக்கென லிங்கன் கார் ஒன்று உருவாக்கப்பட்டது. கூரையை மடித்துத் திறந்து வைத்துக்கொண்டு, வெயிலும் காற்றும் மேலே பட அதில் செல்வதை அவர் பெரிதும் விரும்பினார். அதனால் அக்காருக்கு ‘சன்ஷைன் ஸ்பெஷல்’ என்னும் பெயர் வழங்கலாயிற்று.

1941 டிசம்பரில் ஜப்பானியர் பேர்ல் துறைமுகத்தைத் தாக்கினர். ஏறக்குறைய அதே வேளையில்தான் அவர்தம் படை நமது கோத்தா பாரு கடற்கரையிலும் இறங்கியது. அமெரிக்கா போரில் இறங்கவே, அதிபரின் உயிர் குறித்த கவலையும் மிகுந்தது. 1942இல் அக்கார் எஃகுத் தகடுகளும் கனத்த கண்ணாடிகளும் பெற்றது. அதன் எடை 4,000 கிலோகிராமைத் தாண்டியது.

டாலஸ் நகரில் நிகழ்ந்தது

போர் முடிந்தது, அச்சமும் தணிந்தது. 1961இல் அதிபர் ஜான் கென்னடிக்காக உருவான நீண்ட லிங்கன் கார், மக்கள் அவரை நன்கு காண்பதற்கென்றே அமைந்தது. பின்னிருக்கையை உயர்த்தும் பொறிகூட அதில் இருந்தது. ஆனால் கவசம் இல்லை. கழற்றி மாட்டத்தக்க பிளாஸ்டிக் கூரை ஒன்று உண்டு. அதுவும் குண்டைத் தாங்காது.

1963 நவம்பர் 22ஆம் நாள் கென்னடி டாலஸ் நகரில் ஊர்வலமாகச் சென்றார். காலையில் பெய்த மழை நின்று வானம் தெளிந்தமையால் கூரை மாட்டப்படவில்லை. வழியெங்கும் மக்கள் கையசைத்தனர். அப்போது பாய்ந்த துப்பாக்கிக் குண்டுகளுக்கு அதிபர் இரையானார். உலகமே கண்ணீர் வடித்தது.

அக்காரை அழித்துவிடவில்லை என்பது வியப்பன்றோ? அதற்கு நிலையான கூரையும் கவசத் தகடுகளும் தடித்த கண்ணாடிகளும் பொருத்தி, 1964இல் மீண்டும் பணியில் ஈடுபடுத்தினர். 1977 வரை உழைத்த அக்கார், மிச்சிகன் மாநிலத்து டியர்பர்ன் நகரிலுள்ள ஹென்றி ஃபோர்டு அரும்பொருளகத்தைச் சேர்ந்தது.

கண்ணாடி குண்டைத் தடுப்பது எங்ஙனம்?

குண்டு துளைக்காத கண்ணாடி ஒரே பாளம் அன்று. கண்ணாடியும் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக்கும் பல அடுக்குகளாக ஒட்டப்பட்டது அது. குண்டு மோதியதும் கடினமான கண்ணாடி உடைந்து, குண்டின் முனையை மழுங்கச் செய்கின்றது. பின்னாலுள்ள பிளாஸ்டிக் சற்றே வளைந்து கொடுத்து எஞ்சிய விசையை ஏற்றுக்கொள்கின்றது. கடினமும் நெகிழ்வும் சேர்ந்தே உயிரைக் காக்கின்றன. இத்தனை கனத்தையும் இழுக்க ஆற்றல் மிக்க இயந்திரமும், நிறுத்த வலிய தடைக்கருவியும் தேவை. காற்று இறங்கினும் ஓடத்தக்க சக்கரங்களும் பொருத்தப்படுகின்றன.

கவசத்தின் எல்லை

கவசம் இருந்தால் போதுமா? 1981 மார்ச் 30ஆம் நாள் வாஷிங்டன் நகரில், விடுதியிலிருந்து வெளியே வந்த அதிபர் ரானல்டு ரேகனை நோக்கி ஒருவன் ஆறு முறை சுட்டான். ஒரு குண்டைக் காரின் கண்ணாடி தடுத்து நிறுத்தியது. மற்றொன்றோ காரின் கவசப் பக்கத்தில் பட்டுத் தெறித்து, அதிபரின் இடது மார்பில் பாய்ந்தது! காக்க வேண்டிய கவசமே குண்டைத் திருப்பிவிட்டது.

அவ்வேளை ஜெரி பார் என்னும் மெய்க்காவலர் அதிபரைக் காருக்குள் தள்ளினார். டிம் மெக்கார்த்தி என்பவர் தம் உடலையே கேடயமாக்கி, ஒரு குண்டைத் தாம் ஏற்றார். காயமுற்ற அனைவரும் அன்று உயிர் பிழைத்தனர். எஃகு தவறிய இடத்தில் மனிதரின் கடமையுணர்வு துணை நின்றது.

2009லும் 2018லும் மேலும் வலிய காடிலாக் கார்கள் பணிக்கு வந்தன. அவற்றின் நுணுக்கங்கள் பல மறைவாகவே வைக்கப்பட்டுள்ளன.

ஆட்சி புரிபவர் மக்கள் காண்பதற்கு எளியராய் இருத்தல் வேண்டும் என்பது வள்ளுவர் வாக்கு. தடித்த கண்ணாடிக்கு அப்பால் அமர்ந்திருக்கும் தலைவரை எளிதில் காண இயலுமா? உயிரையும் காக்க வேண்டும். மக்களை விட்டு விலகவும் கூடாது. இவ்விரண்டையும் ஒருங்கே செய்யும் கார் இன்னும் உருவாகவில்லை. பகைமையற்ற நல்லுலகில் அதற்குத் தேவையே இராது. அத்தகைய உலகை அமைக்கும் பொறுப்பு நாளைய குடிமக்களாகிய உங்களுடையது.

பயிற்சி

1. ரூஸ்வெல்ட்டின் காருக்குக் கவசம் பொருத்தப்பட்டது ஏன்?
2. குண்டு துளைக்காத கண்ணாடியில் பிளாஸ்டிக்கின் பணி யாது?
3. ‘எஃகு தவறிய இடத்தில் மனிதரின் கடமையுணர்வு துணை நின்றது’ என்பதை விளக்குக.