உருகிய பனியும் உறங்கிய ஊரும்

எரிமலை என்றவுடன் நெஞ்சில் தோன்றுவது நெருப்பாறே. ஆயினும், தீயினும் சேறு கொடிதாதல் உண்டு என்பதைத் தென்னமெரிக்காவிலுள்ள கொலம்பியா நாடு 1985-ஆம் ஆண்டிற் கண்டது.

அந்நாட்டில் நெவாடோ டெல் ரூயிஸ் என்னும் எரிமலை ஏறத்தாழ 5,300 மீட்டர் உயர்ந்து நிற்கின்றது. நெவாடோ என்னும் ஸ்பானியச் சொல்லுக்குப் பனி மூடியது என்பது பொருள். நிலநடுக்கோட்டிற்கு அண்மையில் இருந்தும், உயரத்தின் மிகுதியால் அதன் முடியைப் பனிக்கட்டி போர்த்திருக்கின்றது. உள்ளே கனல், மேலே பனி. அம்மலையின் கொடுமை இவ்விரண்டின் கூட்டுறவிலேயே உள்ளது.

அம்மலையிலிருந்து ஆற்றின் வழியே எழுபது கிலோமீட்டருக்கு மேற்பட்ட தொலைவில் அர்மேரோ என்னும் ஊர் இருந்தது. பருத்தியும் நெல்லும் விளையும் அவ்வூரில் ஏறத்தாழ 29,000 மக்கள் வாழ்ந்தனர். மலை அவர்களுக்குச் சேய்மைப் பொருள். ஆனால், அவ்வூர் அமைந்த நிலமே 1845-ஆம் ஆண்டில் அதே மலையினின்று இழிந்து, ஆயிரவரைக் கொன்ற சேற்றின் படிவாகும்!

மலை அறிவியாமல் வெடிக்கவில்லை. பாறைக்குழம்பு மேலெழுங்கால் பாறைகள் பிளந்து நிலம் அதிரும். அத்தகைய அதிர்ச்சிகள் 1984-ஆம் ஆண்டின் இறுதியிலேயே தொடங்கின. இடர்ப்படும் இடங்களைக் காட்டும் படம் ஒன்றும் 1985 அக்டோபரில் வரையப்பட்டது. அதில் அர்மேரோவும் இருந்தது. எனினும் ஊர் வெளியேற்றப்படவில்லை.

நவம்பர் 13-ஆம் நாள் மாலை ஊரின்மீது சாம்பல் பொழிந்தது. அஞ்சாது இல்லங்களில் இருக்குமாறு மக்களுக்குக் கூறப்பட்டது. இரவு ஒன்பது மணிக்குப்பின் மலை வெடித்தது. வெடிப்பு சிறிதே, உருகிய பனியும் பத்தில் ஒரு பங்களவே. ஆனால் அந்நீர் சாம்பலையும் கல்லையும் வாரிக்கொண்டு, செல்லுமிடமெல்லாம் கரையை அரித்துப் பருத்து, குழைத்த சுண்ணாம்புக் காரைபோல் தடித்து, லாகுனில்லா ஆற்றின் வழியே பாய்ந்தது. மழைமுகில் மலையை மறைத்திருந்தமையால் ஊரார் எதனையும் கண்டிலர். நள்ளிரவை அடுத்த வேளையில் சேறு ஊரை மூடியது. இருபதினாயிரவருக்கு மேற்பட்டோர் மாண்டனர்.

வெடிப்பிற்கும் அழிவிற்கும் இடையே இருந்த காலம் இரண்டரை மணி நேரம். மேட்டு நிலமோ நடந்தே சென்றடையும் தொலைவில் இருந்தது.

அர்மேரோ மீண்டும் எழுப்பப்படவில்லை. இன்று மணிசாலெஸ் நகரிலுள்ள ஆய்வு நிலையம் மலையின் சிற்றதிர்வையும் குறித்து வருகின்றது. 2023 ஏப்ரலில் அதிர்வுகள் பெருகியபோது, மலைச்சாரலில் வாழ்வோரை அகலுமாறு அரசு பணித்தது. ஆடுமாடுகளைப் பிரிய மனமின்றிச் சிலர் அங்கேயே தங்கினர். அம்முறை மலை பெரிதாக வெடிக்கவில்லை.