மரம் நட்டால் கணக்குச் சரியாகுமா?

சுற்றாடல் என்று சொன்னவுடன் எமது பிள்ளைகள் இரண்டு விடைகளைத் தயாராக வைத்திருக்கிறார்கள்: மரம் நடுதல், மீள்சுழற்சி செய்தல். பாடசாலையில் அப்படித்தான் சொல்லிக் கொடுக்கிறார்கள். எமது ஆலய மண்டப வாசலிலும் நீலப் பெட்டி வைத்திருக்கிறோம். இரண்டும் நல்ல காரியங்களே. ஆனால் அவை எவ்வளவு தூரத்துக்குப் போதும் என்று கணக்கெழுதிப் பார்த்தவர்கள் குறைவு. கணக்கெழுதுவதே எமது தொழில் என்பதால், இம்முறை அதைச் செய்து பார்ப்போம்.

ஒரு லீற்றர் பெற்றோல் எரிந்தால் ஏறக்குறைய 2.3 கிலோ காபனீரொட்சைட்டு வெளிவரும். (பெற்றோலின் எடையே முக்கால் கிலோதானே என்று பிள்ளைகள் கேட்பார்கள். மீதி எடை, எரியும்போது காற்றிலிருந்து சேரும் ஒட்சிசனுடையது.) ஒரு குடும்பத்தின் கார் ஆண்டுக்கு 1,500 லீற்றர் குடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வெளிவருவது 3,450 கிலோ. நன்கு வளர்ந்த மரம் ஒன்று ஆண்டுக்கு 20 கிலோ அளவில் உள்ளெடுக்கும் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. இனத்தையும் நிலத்தையும் பொறுத்து அது கூடும், குறையும். அப்படியானால் ஒரு காருக்கு மட்டும் 170க்கு மேற்பட்ட மரங்கள் வேண்டும். கன்றுகள் அல்ல, மரங்கள். இன்று நடும் கன்று அந்த நிலைக்கு வரப் பல ஆண்டுகள் செல்லும். கார் அதுவரை காத்திருப்பதில்லை.

உலகக் கணக்கோ இன்னும் பெரிது. நிலக்கரி, எண்ணெய், எரிவாயு ஆகியவற்றிலிருந்து 2023இல் வெளிவந்த காபனீரொட்சைட்டு ஏறத்தாழ 3,700 கோடி தொன். அதே 20 கிலோவால் வகுத்துப் பாருங்கள். 1,85,000 கோடி வளர்ந்த மரங்கள் வரும். உலகில் உள்ள மரங்கள் எல்லாமே ஏறத்தாழ 3 இலட்சம் கோடிதான் என்று 2015இல் ஆய்வாளர் மதிப்பிட்டனர். புதிதாக இத்தனை மரங்களை எந்த நிலத்தில் நடுவது? வயலிலா?

இதில் இன்னொரு நுட்பமும் உண்டு. நிலக்கரியும் எண்ணெயும் பல கோடி ஆண்டுகளாக மண்ணுக்கடியில் பூட்டியிருந்த நிலையான வைப்பு. மரமோ நடைமுறைக் கணக்கு. இன்று போட்டதை நாளை எவரும் எடுத்துவிடலாம். 2023 கோடையில் கனடாவில் 1.5 கோடி ஹெக்டேர் அளவுக்குக் காடு எரிந்தது. அந்த யூன் மாதம் ரொறன்ரோ வானமே மங்கிக் கிடந்ததைப் பலரும் மறந்திருக்க மாட்டார்கள். மரங்கள் நெடுங்காலமாகச் சேர்த்தது சில வாரங்களில் காற்றுக்குத் திரும்பியது.

நடுவது வேறு, வளர்ப்பது வேறு. 2019 நவம்பர் 11ஆம் திகதி துருக்கியில் ஒரே நாளில் 1.1 கோடி கன்றுகள் நடும் திட்டம் நடந்தது. சில மாதங்களில், தாம் பார்வையிட்ட இடங்களில் 90 சதவீதம் வரை பட்டுவிட்டதாக வனத்துறைத் தொழிற்சங்கம் ஒன்று கூறியது. அரசு அதை மறுத்தது. யார் சொன்னது சரியாயினும், நட்ட எண்ணிக்கையை மட்டும் பார்த்து இலாபம் எழுதக்கூடாது.

அதற்காக மரம் வேண்டாம் என்பதல்ல. கென்யாவில் வங்காரி மாத்தாய் 1977இல் தொடங்கிய பசுமைப் பட்டி இயக்கம் கிராமப் பெண்களைக் கொண்டு கோடிக்கணக்கில் மரம் நட்டது. அவர்கள் தேடியது விறகும், நீரும், அடித்துச் செல்லப்படாத மண்ணும். அவை கிடைத்தன. 2004இல் அவருக்கு நோபல் சமாதானப் பரிசும் கிடைத்தது. மரத்திடம் மரம் தரக்கூடியதைக் கேட்டால் அது ஏமாற்றாது.

மீள்சுழற்சியில் பொருளுக்குப் பொருள் கணக்கு மாறும். பழைய அலுமினியப் பேணியை உருக்கிப் புதிது செய்தால், தாதுவிலிருந்து செய்வதற்கு வேண்டிய சக்தியில் 95 சதவீதம் மிச்சம். இது அசல் இலாபம். கடதாசியின் நாரோ ஒவ்வொரு சுற்றிலும் குறுகிச் சில சுற்றுகளில் பயனற்றுப் போகும். பிளாஸ்ரிக் கதை மோசம். 2015 வரை கழிவாகிய 630 கோடி தொன்னில் 9 சதவீதமே மீள்சுழற்சிக்குப் போனது என்று 2017இல் வெளியான ஆய்வு காட்டியது. போத்தலின் அடியிலுள்ள முக்கோணமும் இலக்கமும் அது என்ன வகைப் பிளாஸ்ரிக் என்பதைத்தான் சொல்கின்றன. மீள்சுழற்சி ஆகும் என்று உறுதி தருவதில்லை.

நீலப் பெட்டி 1981இல் இதே ஒன்ராறியோவின் கிச்சினர் நகரில் தொடங்கியது. அதற்கு வெகுகாலம் முன்பே, 1927 முதல், இங்கு பியர் போத்தல்கள் வைப்புப் பணத்துக்குத் திரும்பி வந்து, கழுவி, மறுபடி நிரப்பப்பட்டன. (ஆலய மலரில் இந்த உதாரணத்துக்கு வாசகர்கள் பொறுத்தருள்க.) ஊரில் சோடாப் போத்தலைக் கடையில் திருப்பிக் கொடுத்தது நினைவிருக்கும். உருக்காமல் கழுவுவதற்குச் செலவு குறைவு.

பெரிய பலன் வந்த இடத்தையும் பார்ப்போம். ஒன்ராறியோவின் கடைசி நிலக்கரி மின்நிலையம் 2014 ஏப்ரலில் நிறுத்தப்பட்டது. 2005இல் 53 ஆக இருந்த புகைமூட்ட எச்சரிக்கை நாட்கள் 2014இல் பூச்சியமாயின. அமெரிக்கப் பக்கத்துப் புகை குறைந்ததும் ஒரு காரணம். ஓசோன் படலமும் மரம் நட்டு மீளத் தொடங்கவில்லை. 1987இன் மொன்றியல் உடன்படிக்கையால், அதை அரித்த வாயுக்களின் உற்பத்தியைப் படிப்படியாக நிறுத்தியதால் மீள்கிறது. இரண்டிலும் செலவுப் பக்கமே வெட்டப்பட்டது.

இனி எமது அன்னதானத்துக்கு வருவோம். எண்ணெயும் சாம்பாரும் ஊறிய கடதாசித் தட்டு மறுபடி கடதாசியாகாது. 300 பேர் உண்டால் 300 தட்டுகள், வாரந்தோறும். எவர்சில்வர் தட்டுகளை ஒருமுறை வாங்கினால் பெறுமானத்தேய்வை இருபது ஆண்டுகளுக்குப் பரப்பி எழுதலாம். கொதிநீர்ச் செலவைக் கூட்டினாலும் கணக்கு நிற்கும் என்றே எமக்குப் படுகிறது. வெள்ளிக்கிழமைப் பூசை முடிந்து எல்லோரும் சப்பாத்தைத் தேடும் நேரத்தில் கழுவ நிற்பவர் யார் என்பதுதான் பாக்கி. வரும் பொதுக்கூட்டத்தில் பெயர் தருபவர்கள் செயலாளரிடம் தரலாம்.