ஆற்றில் மீனுக்கும் ஒரு பங்கு
நீர்ப்பங்கீட்டு உடன்படிக்கை செய்யும் வழி

ஊவாவில் ஆனி முதல் புரட்டாதி வரை வரட்சிக் காலம். தென்மேல் பருவமழை மலையின் மேற்குப் பக்கத்திலேயே பெரும்பாலும் பெய்து முடிய, பதுளைக்கு வந்து சேர்வது காய்ந்த காற்று மட்டுமே. சிறுபோக வயல், மரக்கறித் தோட்டம், லயன்களின் பீலி ஆகிய எல்லாமே அப்போது ஒரே ஓடையை நம்பியிருக்கின்றன. ஒவ்வோர் அணையிலும் தேவையான அளவு எடுத்தபின், கடைசி அணைக்குக் கீழே ஆறு குட்டைகளாகி விடுகின்றது.

அக்குட்டைகளில் அகப்படும் மீனுக்கு நீர் சூடாகின்றது, பிராணவாயு குறைகின்றது. வயலிலிருந்து வடியும் பூச்சிநாசினியும் அங்கேயே செறிகின்றது. அதே குட்டையில்தான் கீழ்ப்புறத்து மக்கள் குளிக்கிறார்கள், துணி துவைக்கிறார்கள். ஆகவே மீனின் கேள்வி மனிதரின் கேள்வியும் ஆகின்றது.

எந்த மீன்?

இலங்கையின் நன்னீர் மீனினங்களில் அரைவாசிக்கும் மேற்பட்டவை உலகில் வேறெங்கும் இல்லாதவை. மகாவலியின் மேற்பகுதிகளில் வாழும் பச்சை லேபியோ அவற்றுள் ஒன்று. பெரும் பாறைகளுக்கிடையே வேகமாக ஓடும் ஆழமான நீரே அதன் இருப்பிடம். பாறையில் படரும் பாசியே அதன் உணவு. மகாவலியில் பெரிய அணைகள் எழுந்தபோது ஓடிய நீர் பல இடங்களில் தேங்கிய நீராயிற்று. இன்று அது அழியும் ஆபத்திலுள்ள மீன். பதுளை ஓயா, லொக்கல் ஓயா, உமா ஓயா மூன்றும் மகாவலிக்கே நீர் கொடுப்பவை என்பதால், இங்கு நாம் செய்வது அங்கும் போய்ச் சேரும்.

முன்மாதிரி ஒன்று

அமெரிக்காவின் ஒரிகன், வாஷிங்டன் மாநிலங்களின் எல்லையில் வாலா வாலா ஆறு ஓடுகின்றது. ஏறக்குறைய நூறாண்டு காலம், கோடைதோறும் அதன் ஒரு பகுதி பாசனத்தினால் முற்றாக வற்றியது. 1998இல் அங்குள்ள புல் டிரவுட் மீன் சட்டத்தின் பாதுகாப்பைப் பெற்றது. வழக்காடிக் காலத்தைக் கழிப்பதா, பேசித் தீர்ப்பதா என்ற நிலையில், மூன்று நீர்ப்பாசன அமைப்புகள் 2000ஆம் ஆண்டில் அரசுடன் உடன்பட்டன. ஆற்றில் விடும் நீரை ஆண்டுக்கு ஆண்டு சிறிது சிறிதாகக் கூட்டினார்கள். கசியும் வாய்க்கால்களைத் திருத்தியும் குழாய் பதித்தும் அந்த இழப்பை ஈடுசெய்தார்கள்.

இதில் நமக்குள்ள பாடம் ஒன்றே: விவசாயியின் பயிரிலிருந்து பறித்து மீனுக்குக் கொடுக்கக் கூடாது. வீணாகும் நீரிலிருந்தே மீனின் பங்கு முதலில் வரவேண்டும்.

நம்மிடமுள்ள சட்டம்

1946ஆம் ஆண்டின் நீர்ப்பாசனக் கட்டளைச் சட்டமும், 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டமும் போகத் தொடக்கக் கூட்டத்துக்கும் கமக்காரர் அமைப்புக்கும் இடமளிக்கின்றன. விதைக்கும் நாள், நீர் விடும் நாள் முதலியவை அக்கூட்டத்தில் தீர்மானிக்கப்படுகின்றன. ஆற்றில் விடவேண்டிய நீரைப் பற்றிய தீர்மானத்தையும் அங்கேயே முன்வைக்கலாம்.

ஆனால் அக்கூட்டம் வயல் உள்ளவர்களின் கூட்டம். மேலே லயனில் வாழ்ந்து அதே ஓடையில் குடிநீர் எடுக்கும் தோட்டத் தொழிலாளிக்கு அங்கே ஆசனம் இல்லை. 1992 முதல் தோட்டங்களை நடத்திவரும் கம்பனிகளும் அங்கு வருவது அரிது. இவர்களை விட்டுவிட்டுச் செய்யும் உடன்படிக்கை முதல் வரட்சியிலேயே முறிந்துவிடும். ஆகவே தோட்டத் தலைவர்களையும் முகாமையாளரையும் அழைக்கும்படி கமநல சேவை நிலையத்தை எழுத்தில் கேட்க வேண்டும்.

படிமுறைகள்

1. அளந்து பாருங்கள். நேராக ஓடும் இடத்தில் 10 மீற்றர் தூரம் குறித்து, ஒரு குச்சியை மிதக்கவிடுங்கள். அது 20 செக்கனில் கடந்தால் வேகம் செக்கனுக்கு அரை மீற்றர். ஓடையின் அகலம் 2 மீற்றர், சராசரி ஆழம் கால் மீற்றர் எனில், பெருக்கினால் செக்கனுக்கு 250 லீற்றர் வரும். அடிநீர் மெதுவாக ஓடுவதால் ஐந்தில் ஒரு பங்கைக் கழியுங்கள். மீதி 200 லீற்றர். இரு சாராரும் சேர்ந்து அளந்தால் பின்னர் எண்ணைப் பற்றிச் சண்டை வராது.

2. கசிவைத் தேடுங்கள். வாய்க்காலின் தலையிலும் கடையிலும் அளந்தால் வழியில் தொலையும் நீர் தெரியவரும். பேச்சை இங்கிருந்து தொடங்குங்கள்.

3. மாற்றைக் கொடுங்கள். வாய்க்காலைத் திருத்தச் சிரமதானம், முறை வைத்து நீர் பாய்ச்சல், நீர் குறைந்த ஆண்டில் மூன்று மாத நெல் அல்லது பயறு. தருபவருக்குக் கைமேல் பலன் தெரியவேண்டும்.

4. எளிய குறியீடு வையுங்கள். அணையில் நிறம் பூசிய அளவுக்கம்பு ஒன்று; நீர் சிவப்புக் கோட்டுக்குக் கீழே இறங்கினால் எல்லா மதகும் பாதி மூடப்படும். மீன் ஏறி இறங்க அணையில் ஓரிடத்தில் தாழ்வான வழி விடப்படும்.

5. இரு மொழியிலும் எழுதுங்கள். சிங்களத்திலும் தமிழிலும் எழுதி வாசித்துக் காட்டியபின் ஒப்பமிடுங்கள். அளவுக்கம்பைப் பார்க்கக் கிராமத்திலிருந்து ஒருவரும் தோட்டத்திலிருந்து ஒருவரும் சேர்ந்து போகட்டும். குடிநீரே முதலுரிமை என்று முதல் வரியில் இருக்கட்டும்.

காலம் தாழ்த்தாமை

உமா ஓயாத் திட்டம் 2008இல் தொடங்கி 2024 ஏப்ரலில் திறந்துவைக்கப்பட்டது. புகுல்பொல, டயரபா அணைகளிலிருந்து நீர் சுரங்கவழியாகக் கிரிந்தி ஓயாப் பக்கம் திருப்பப்படுகின்றது. 2014 டிசம்பரில் சுரங்கத்தினுள் நீர் பீறிட்டபின் பண்டாரவளைப் பகுதியில் கிணறுகள் வற்றின, வீடுகள் வெடித்தன. அதன்பின் மக்கள் பேசியது நட்டஈட்டைப் பற்றி. கொங்கிரீட் போடுமுன் பேசினால் எத்தனை லீற்றர் என்று பேசலாம். போட்டபின் எத்தனை ரூபா என்றுதான் பேசலாம். சிறிய ஓடைகளில் அந்த முதற் பேச்சுக்கு நமக்கு இன்னும் காலம் இருக்கின்றது.

குழுவில் கலந்துரையாட

• உங்கள் ஓடையில் மேலிருந்து கீழாக நீர் எடுப்பவர் யார் யார்? படம் வரையுங்கள்.
• அவர்களுள் இதுவரை எந்தக் கூட்டத்துக்கும் அழைக்கப்படாதவர் யார்?
• முன்பு இருந்து இப்போது காணாமற்போன மீன்கள் எவை? முதியோரிடம் கேட்டு எழுதுங்கள்.
• அடுத்த சிறுபோகக் கூட்டத்துக்கு யார், எந்தத் தீர்மானத்தைக் கொண்டு போவது?