சட்டைப் பைக்கு எந்தக் கத்தி?

மடக்குக் கத்தி வாங்கும்போது அலகின் நீளத்தைவிட எடையைத்தான் முதலில் பார்க்க வேண்டும். கனமான கத்தி இரண்டே நாளில் மேசை இழுப்பறைக்குள் போய்விடும், தேவைப்படும் நேரத்தில் கையில் இருக்காது. விக்டோரினாக்ஸின் ‘கிளாசிக் எஸ்டி’ மடக்கிய நிலையில் 58 மி.மீ. நீளம், எடை சுமார் 21 கிராம், சாவிக்கொத்தில் கோத்துவிடலாம். இத்தனூண்டு கத்தி எதற்கு உதவும் என்பீர்கள். பார்சல் டேப், சணல் கயிறு, பால் கவர்: அன்றாடம் நாம் வெட்டுவது இவ்வளவுதானே? இளநீருக்கு அரிவாள் இருக்கிறது. அலகுக்குப் பூட்டு இல்லை என்பது மட்டும் நியாயமான குறை. குத்தி நெம்பினால் அலகு விரல்மேல் மடங்கிவிடும். அந்த மாதிரி வேலை உள்ளவர்கள், வளையத்தைத் திருகிப் பூட்டும் ஒப்பினெல் 6-ஆம் எண் கத்தியை வாங்கலாம். அதிலும் கார்பன் எஃகு வகை எலுமிச்சைச் சாறு பட்டால் கறுக்கும், ஈரத்தில் துருப்பிடிக்கும். துருப்பிடிக்காத எஃகு என்று கேட்டு வாங்குங்கள். எதை வாங்கினாலும் பல நாடுகளில் விமானத்தில் கைப்பையில் வைக்க அனுமதி இல்லை.