தோப்பின் எல்லை

அன்புள்ள மருமகளுக்கு,

இங்கிலாந்தில் நீ படிக்கும் கல்லூரியின் தோட்டத்தில், வரும் ஜூன் மாதம் சோபோக்ளிஸின் ‘கொலோனஸில் ஈடிபஸ்’ நாடகத்தை நடத்தப் போவதாக எழுதிய கடிதம் கிடைத்தது. கிரேக்கத் துன்பியல் நாடகம் என்றவுடன் ‘ஈடிபஸ் மன்ன’னையோ ‘மெடியா’வையோ எடுத்துக்கொள்பவர்களே அதிகம். அவ்விரண்டும் வீட்டு வாசலில் நடப்பவை. அவற்றுக்கு ஒரு கதவும் அதற்குப் பின்னால் ஒரு பயங்கரமும் வேண்டும். நீ எடுத்திருப்பதோ மரங்களின் முன்னால் நடப்பது. ஆகையால் உன் தேர்வு எனக்குப் பரிபூரண சம்மதம். ஆனால் ரோஜாப் பந்தல், கிளைகளில் வண்ண விளக்குகள், ஒலிபெருக்கி என்று நீ அடுக்கியிருப்பதைப் படித்தபோதுதான், அந்தத் தோட்டம் உன் நாடகத்துக்கு அலங்காரம் அன்று, அதுவே ஒரு பாத்திரம் என்பதை வற்புறுத்தி எழுத வேண்டும் என்று தோன்றிற்று.

ஏதென்ஸ் நகரின் மதிலுக்கு வெளியே இருந்த கொலோனஸ் என்ற சிற்றூரில் பிறந்த அந்த மகாகவி, ஏறக்குறைய தொண்ணூறு வயதில், தம் ஆயுளின் அந்திமத்தில் எழுதிய நாடகம் இது. கி.மு. 406-ஆம் ஆண்டளவில் அவர் காலமானார்; 404-இல் ஏதென்ஸ் யுத்தத்தில் தோற்றுத் தலைகுனிந்தது; 401-இல் அவருடைய பேரன் இதை அரங்கேற்றினான். அந்த மண்ணின் ஆலிவ் மரங்களையும் குதிரைகளையும் நைட்டிங்கேல் பறவைகளையும் கோரஸ் போற்றிப் பாடியபோது, தோல்வியின் துயரம் இன்னும் ஆறாத ஜனங்கள் அதை எந்த மனத்தோடு கேட்டிருப்பார்கள் என்று நினைத்துப் பார். இன்று கொலோனஸ், நெருக்கமான வீடுகளுக்கு நடுவே ஒரு சிறு குன்றாக எஞ்சி நிற்கிறது. கவி கண்ட தோப்பை உன் நடிகர்கள்தான் மீண்டும் உண்டாக்க வேண்டும்.

அந்தத் தோப்பு யூமெனிடீஸ் என்னும் பயங்கர தேவதைகளுக்கு உரியது. மனிதர் கால் வைக்கலாகாத இடம். அது தெரியாமல், கண்ணிழந்த கிழவர் ஈடிபஸ் தம் மகள் ஆண்டிகனியின் கையைப் பிடித்துக்கொண்டு வந்து அதற்குள்ளே ஒரு பாறையில் உட்கார்ந்துவிடுகிறார். ஊர்ப் பெரியவர்களாகிய கோரஸ் பதறி ஓடிவந்து வெளியே வரச் சொல்லுகிறது. அவர் எழுந்து, ஓரடி வைத்து, இன்னுமா என்று கேட்டு, மறுபடி ஓரடி வைத்து, எல்லையைக் கடந்து வந்து சேரும் அந்தச் சில நிமிஷங்களை நீ எவ்வளவு நிதானமாக நடத்துகிறாயோ, அவ்வளவுக்கு நாடகம் உன் வசப்படும். புல்தரையில் அவருடைய வெறுங்கால் இடத்தைத் தடவி அறிவதும், கிழவரின் முழுப் பாரமும் அந்தப் பெண்ணின் தோளில் சாய்வதும் முன்வரிசைக்காரர்களுக்குத் தெரிய வேண்டும். எனவே முதல் காரியமாக எல்லையை நிச்சயம் செய்துகொள். மரங்கள் தொடங்கும் இடத்தில் ஒரு பாறையோ தாழ்ந்த கற்கட்டோ இருந்தால் போதும். கோரஸில் ஒருவர்கூட, ஒத்திகையிலும்கூட, அதைத் தாண்டலாகாது. அவர்கள் அஞ்சும் இடத்தை ஜனங்களும் அஞ்சுவார்கள். அங்கே ரோஜாப் பந்தல் போட்டால் அது விவாக மண்டபமாகிவிடும்!

ஒலிபெருக்கியை விட்டுவிடு. எபிடாரஸின் புராதன அரங்கில், பன்னிரண்டாயிரம் பேருக்கும் அதிகமானோர் அமரக்கூடிய அந்தப் படிக்கட்டுகளின் உச்சியில் உட்கார்ந்து, கீழே நின்று பேசுகிறவர் குரலை நான் கேட்டிருக்கிறேன். உன் நாட்டிலேயே பிராட்ஃபீல்ட் கல்லூரியில், சுண்ணாம்புப் பாறை வெட்டிக் கைவிட்ட பள்ளத்தில் 1890-இல் ஒரு கிரேக்க அரங்கம் அமைத்து, மாணவர்கள் மூல பாஷையிலேயே நடித்து வந்திருக்கிறார்கள். இரண்டிலும் சரிவுதான் ரகசியம். உன் தோட்டம் சமதரையாக இருந்தால் நடிகர்களுக்குப் பின்னே ஒரு சுவரோ அடர்ந்த வேலியோ இருக்கும் மூலையைத் தேடு. காற்று அவர்கள் முதுகுப்புறமிருந்து வீசினால் இன்னும் நலம். ஜனங்களை மேற்கே முதுகு காட்டி உட்கார வை. ஜூனில் அங்கே சூரியன் மறைய ஒன்பது மணிக்கு மேலாகுமாதலால், ஏழரைக்குத் தொடங்கினால் சாய்ந்த வெயில் நடிகர் முகத்திலும் மரங்களிலும் விழுந்து, முடிவு நெருங்கும்போது தானே அடங்கும். எந்த விளக்கும் அதற்கு ஈடாகாது.

கோரஸுக்கு நீ இரண்டு வாரம் ஒதுக்கியிருக்கிறாய், அது போதாது. 1927-இல் டெல்ஃபியின் பழைய அரங்கில் ‘பிராமிதியஸ்’ நாடகத்தை நடத்திய ஈவா பால்மர், கோரஸின் பாட்டுக்கும் ஆட்டத்துக்குமே முதலிடம் தந்து, உடைகளையும் தாமே தறியில் நெய்தார் என்பதை நினைவில் கொள். வசனத்தை மனப்பாடம் செய்த நடிகன் தன்னைக் காப்பாற்றிக்கொள்வான். பயிற்சியில்லாத கோரஸோ திறந்த வெளியில் சிதறிப்போகும். இளைஞர்களுக்கு நரைத்தாடி ஒட்டாதே. ஒரே மூச்சில் பாடவும், ஒன்றாக நிற்கவும், ஒன்றாகத் திரும்பவும் கற்றுக்கொடு. அதிலேயே முதுமையின் கௌரவம் வந்துவிடும்.

கடைசிக் காட்சியைப் பற்றி எனக்கு மிகுந்த கவலை உண்டு. இடி முழங்குகிறது; இதுவரை கைபிடித்து நடத்தப்பட்ட குருடர் இப்போது எவர் கையும் பிடியாமல், கண்ணுள்ளவர்களுக்கு வழிகாட்டிக்கொண்டு முன்னே போகிறார். அவர் கண்ணுக்கு மறையும் வரை நடக்கட்டும். மேடையில் பத்தடியோடு முடிந்துவிடும் இதற்கு, உன் தோட்டம் ஐம்பதடி தரும். அவசரப்பட்டுக் கோரஸைப் பாடவிட்டு அந்த நடையை மூடிவிடாதே. பிறகு தூதுவன் வந்து, தீஸியஸ் மன்னன் மட்டுமே கண்ட அந்த மறைவைச் சொல்லுகிறான். அதை மரங்களுக்கிடையே ஊமைக் காட்சியாக நடித்துக் காட்டலாம் என்ற யோசனையை, அம்மா, தயைகூர்ந்து கைவிடு. கண்ணால் காணக்கூடாதது என்று கவி மறைத்து வைத்ததைக் காட்ட நமக்கு அதிகாரமில்லை. தூதுவன் வேஷத்துக்கு உன் குழுவிலேயே சிறந்த குரலுள்ளவரைப் போடு, சிறு பாத்திரம் என்று அவர் மனம் குன்றினாலும் சரி.

ஒத்திகையை இந்த வாரமே மண்டபத்திலிருந்து தோட்டத்துக்கு மாற்றிவிடு. மழைக்குப் பயந்து உள்ளரங்கு ஒன்றையும் கேட்டு வைத்திருப்பதாக எழுதியிருக்கிறாய். அதைவிட, மறுநாள் மாலையையும் சேர்த்துத் தோட்டத்துக்கே அனுமதி வாங்கி வைப்பது உத்தமம். ஈடிபஸாக நடிப்பவர் யார் என்று நீ எழுதவே இல்லை; அடுத்த கடிதத்தில் அவருடைய நடையைப் பற்றி விவரமாக எழுது.

இப்படிக்கு,
உன் அன்புள்ள மாமா