உங்கள் வீட்டில் சைக்கிள் உண்டா?

எங்கள் படிப்பு மையத்துக்கு ஓர் அக்கா வருவார். கூலி வேலை செய்பவர். ஒரு நாள், கணக்கெடுக்கும் பெண் ஒருவர் அவர் வீட்டுக்கு வந்தார். பல கேள்விகள் கேட்டார்.

"தண்ணீர் எங்கே பிடிக்கிறீர்கள்?"
"கழிப்பறை உண்டா?"
"விறகு அடுப்பா, கேஸ் அடுப்பா?"
"தரை மண்ணா, சிமெண்டா?"
"சைக்கிள், டி.வி., மின்விசிறி உண்டா?"
"எத்தனை குழந்தைகள் பெற்றீர்கள்? இறந்த குழந்தை உண்டா?"

கடைசிக் கேள்வியைக் கேட்டதும் அக்கா அழுதுவிட்டார். அவருடைய இரண்டாவது குழந்தை எட்டு மாதத்தில் வயிற்றுப்போக்கால் இறந்தது.

மறுநாள் அக்கா என்னிடம் கேட்டார்: "தம்பி, என் பிள்ளை செத்தது என் தலையெழுத்து. அதுக்கும் சைக்கிளுக்கும் என்ன சம்பந்தம்?"

அந்தக் கேள்விக்குப் பதில்தான் இந்தப் பாடம்.

வசதியை எப்படி அளக்கிறார்கள்?

மாத வருமானம் எவ்வளவு என்று கேட்டால் போதாதா? போதாது. கூலி இன்று கிடைக்கும், நாளை கிடைக்காது. சிலர் கூலியை நெல்லாக வாங்குவார்கள். சிலர் வருமானத்தைச் சொல்லத் தயங்குவார்கள். ஆனால், வீட்டைப் பார்த்தால் வசதி தெரிந்துவிடும்.

அதனால் வீட்டையும் பொருள்களையும் பற்றிக் கேட்கிறார்கள். ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் போடுகிறார்கள். மதிப்பெண்ணைக் கூட்டி, மக்களை வரிசைப்படுத்துகிறார்கள். அந்த வரிசையை ஐந்து சம பங்காகப் பிரிக்கிறார்கள். முதல் பங்கில் மிகவும் ஏழைகள் இருப்பார்கள். கடைசிப் பங்கில் வசதி மிகுந்தவர்கள் இருப்பார்கள்.

இந்தக் கணக்கெடுப்பின் பெயர் தேசிய குடும்ப நல ஆய்வு. முதல் ஆய்வு 1992-93இல் நடந்தது. ஐந்தாவது ஆய்வு 2019-21இல் நடந்தது. அப்போது இந்தியா முழுவதும் 6 லட்சத்துக்கும் அதிகமான வீடுகளில் கேட்டார்கள்.

கணக்கு என்ன சொல்கிறது?

மிகவும் ஏழைக் குடும்பங்களில் 1000 குழந்தைகள் பிறந்தால், 59 குழந்தைகள் ஐந்து வயதுக்குள் இறந்தார்கள். வசதி மிகுந்த குடும்பங்களில் 20 குழந்தைகள் இறந்தார்கள். கிட்டத்தட்ட மூன்று மடங்கு வித்தியாசம்!

வயதுக்கேற்ற உயரம் இல்லாத பிள்ளைகளையும் கணக்கெடுத்தார்கள். ஏழைக் குடும்பங்களில் 100க்கு 46 பேர். வசதி மிகுந்த குடும்பங்களில் 100க்கு 23 பேர்.

தலையெழுத்து என்றால் பணம் பார்த்தா எழுதும்?

ஏன் இந்த வித்தியாசம்?

சைக்கிள் உயிரைக் காப்பாற்றுவதில்லை. அது வசதிக்கு ஓர் அடையாளம். நோய் வேறு வழிகளில் வருகிறது.

தண்ணீர் சுத்தமில்லை, கழிப்பறை இல்லை. அதனால் வயிற்றுப்போக்கு வருகிறது. அடிக்கடி வந்தால் பிள்ளை வளராது.

விறகு அடுப்பின் புகை தாயின் நுரையீரலையும் பிள்ளையின் நுரையீரலையும் கெடுக்கிறது.

சத்தான உணவு இல்லை. உடம்பில் எதிர்ப்புச் சக்தி குறைகிறது.

ஆஸ்பத்திரிக்குப் போனால் ஒரு நாள் கூலி போய்விடும். "நாளைக்குப் பார்ப்போம்" என்று தள்ளிப்போடுகிறோம். நோய் முற்றிவிடுகிறது.

படிப்புக்கும் பலம் உண்டு

பள்ளிக்கே போகாத தாய்மார்களின் பிள்ளைகளில் 100க்கு 46 பேர் உயரம் குறைந்தவர்கள். 12 வகுப்பும் அதற்கு மேலும் படித்த தாய்மார்களின் பிள்ளைகளில் 100க்கு 26 பேர்.

படித்தவர்களுக்கு வசதியும் கூடுதலாக இருக்கலாம். அதனால் கேரளத்தைப் பாருங்கள். 1970களில் அங்கே சராசரி வருமானம் நாட்டின் சராசரியைவிடக் குறைவு. ஆனாலும் குழந்தைச் சாவு குறைவாக இருந்தது. காரணம் என்ன? பெண்கள் படித்திருந்தார்கள். பக்கத்தில் சுகாதார நிலையம் இருந்தது. ரேஷன் கடை இருந்தது. 2019-21 ஆய்வின்படி, இந்தியாவில் 1000 குழந்தைகளில் 35 குழந்தைகள் ஒரு வயதுக்குள் இறந்தார்கள். கேரளத்தில் 4 குழந்தைகள்தான்.

ஆக, ஏழைகளின் பிள்ளைகளையும் காப்பாற்ற முடியும். சுத்தமான தண்ணீர், கழிப்பறை, சத்துணவு, பக்கத்தில் மருத்துவம், பெண்களுக்குப் படிப்பு ஆகியவை வேண்டும். இவற்றைக் கிராம சபையில் நாம் கேட்கலாம். கேட்பது நம் உரிமை.

இதையெல்லாம் அக்காவிடம் சொன்னேன். அவர் வெகுநேரம் பேசவில்லை. பிறகு கேட்டார்: "அப்போ, அது என் தப்பு இல்லையா தம்பி?"

"இல்லை அக்கா" என்றேன்.

அடுத்த கிராம சபைக்கு அக்கா மனு எடுத்துப் போனார். "எங்கள் தெருவுக்குக் குடிநீர்க் குழாய் வேண்டும்" என்று தன் கையாலேயே எழுதியிருந்தார்.

சிந்திப்போம், பேசுவோம்

1. வருமானத்தைக் கேட்காமல் வீட்டில் உள்ள பொருள்களை ஏன் கேட்கிறார்கள்?
2. உங்கள் தெருவில் பிள்ளைகளுக்கு அடிக்கடி வரும் நோய் எது? அது ஏன் வருகிறது?
3. உங்கள் ஊருக்கு முதலில் என்ன வேண்டும்? மூன்று வரியில் மனு எழுதுங்கள்.