கப்பலில் குழாய்நீர் குடிக்கலாமா?

சென்னையிலிருந்து 2022 ஜூன் மாதம் உல்லாசக் கப்பல் புறப்பட்டதைப் பற்றிப் பேசும்போது எங்கள் வகுப்பில் ஒரு விவாதம் எழுந்தது. குடிநீர்ப் பாட்டில்களைச் சுமந்து செல்வதா, கப்பல் குழாயை நம்புவதா?

விடை நம் திருவள்ளூர் மாவட்டத்திலேயே உள்ளது. மீஞ்சூர்ப் பகுதியில் நிலத்தடி நீரை அளவுக்கு மீறி இறைத்ததால் கடல்நீர் உட்புகுந்து கிணறுகள் உவர்த்தன. அதனை அடுத்த காட்டுப்பள்ளியில் 2010ஆம் ஆண்டு திறந்த நிலையமோ, கடலிலிருந்தே நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் குடிநீர் தரவல்லது. லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்புள்ள கடல்நீரை மிகுந்த அழுத்தத்துடன் நுண்சவ்வில் செலுத்துவர். நீர் கடந்துவிடும், உப்பு தங்கிவிடும்.

பெரிய பயணக் கப்பல்களிலும் இம்முறை உண்டு. சிலவற்றில் எஞ்சின் வெப்பத்தால் கடல்நீரை ஆவியாக்கிக் குளிர்விப்பர். அழுத்தத்தைக் குறைத்துவிடுவதால் நீர் 100 டிகிரிக்கு வெகு முன்பே கொதித்துவிடும். (இயற்பியல் பாடத்தை மறந்த தோழியர் புரட்டிப் பார்க்க!) பிறகு கனிமங்களும் கிருமிகளைக் கொல்லக் குளோரினும் சேர்ப்பர். வாடை சற்று வந்தால் முகம் சுளிக்க வேண்டாம், அதுவே காவல்.

ஆகவே அத்தகைய கப்பலில் குழாய்நீரே போதும் என்று முடிவு செய்தோம். கரையில் இறங்கிச் சுற்றும் நாளில் மட்டும், கப்பலிலேயே நிரப்பிய பாட்டில் ஒன்று கையில் இருக்கட்டும்.